பென்சில்வேனியா ஃபியூனரல் டைரக்டர் உரிமத்தை ஓஹாயோவும் வர்ஜீனியாவும் ஏற்குமா?

கேள்வி: பென்சில்வேனியா வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவில் ஃபியூனரல் டைரக்டர், அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர், உரிமம் பெற்று, ஒரு குடும்பம் நடத்தும் ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்கு நிலையத்தில்) சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இந்த மாநிலத்தில் ஒரே உரிமம்தான். உடலைப் பதப்படுத்துவது, குடும்பத்தாருடன் உட்கார்ந்து ஏற்பாடுகளைப் பேசி முடிப்பது, இறப்புப் பதிவுக்கான படிவங்களைத் தாக்கல் செய்வது, தகனத்துக்குக் கொரோனரிடம் (மரண விசாரணை அதிகாரியிடம்) அனுமதி வாங்குவது ஆகிய அனைத்தையும் அதன் கீழேயே செய்கிறேன். இரண்டாண்டு அசோசியேட் பட்டமும், இந்தத் தொழிலுக்கான மார்ச்சுவரி சயின்ஸ் படிப்பும் முடித்திருக்கிறேன். தேசிய வாரியத் தேர்வின் கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு இரண்டிலும் தேர்ச்சி பெற்று, மாநிலச் சட்டத் தேர்வையும் எழுதி, ஓராண்டுப் பயிற்சிக் காலத்தையும் நிறைவு செய்த பிறகே உரிமம் கிடைத்தது.

என் கணவரின் நிறுவனம் அவரை இடமாற்றம் செய்கிறது. ஓஹாயோவின் கொலம்பஸ், வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா, இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய வேலை எங்கே போனாலும் தொடரும். என் வேலை எங்கே தொடரும் என்பதைப் பார்த்தே முடிவு செய்யலாம் என்று அவர் சொல்லியிருப்பதால், இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இப்போது மிகுந்த முக்கியத்துவம் இருக்கிறது.

நான் படித்துத் தெரிந்துகொண்டவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேறு மாநில உரிமங்களை ஏற்பதற்கு 2019ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியா ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அது எனக்கு உதவுமா? வர்ஜீனியாவில் 2023இல் பொது உரிம ஏற்புச் சட்டம் வந்ததாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது நம் தொழிலுக்கும் பொருந்துமா? ஓஹாயோவில் இந்த உரிமத்துக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் அது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக் காலத்தை மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. இவ்வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

பதில்: வடக்கு வர்ஜீனியாவிலிருந்து

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் வேறொரு மாநிலத்தில் உரிமம் பெற்று, பிறகு வர்ஜீனியாவில் உரிமம் வாங்கி, இங்கே தொழில் செய்து வருகிறேன். உங்கள் கேள்விகளில் முதல் இரண்டுக்கும் வர்ஜீனியா பற்றியும் என்னால் பதில் சொல்ல முடியும்; ஓஹாயோவைப் பற்றி அங்கே இருப்பவர்கள் எழுதட்டும்.

பென்சில்வேனியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது அந்த ஆண்டின் 41ஆம் சட்டம், வெளியிலிருந்து பென்சில்வேனியாவுக்குள் வருபவர்களுக்கானது. அங்கிருந்து வெளியே போகும் உங்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உரிம ஏற்பு என்பது எப்போதும் நீங்கள் போய்ச் சேரும் மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்தது. விட்டு வரும் மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. செவிலியர்கள் பல மாநிலங்களில் ஒரே உரிமத்தோடு வேலை செய்ய வழிசெய்யும் மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை போன்ற ஒன்று நம் தொழிலில் நடைமுறையில் இல்லை என்பதால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாநிலத்தின் கதவையும் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருக்கிறது.

வர்ஜீனியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் தவறான நம்பிக்கையோடு வருகிறார்கள். அந்தச் சட்டம் தொழில்முறை மற்றும் பணிசார் ஒழுங்குமுறைத் துறையின் கீழ் இயங்கும் வாரியங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஃபியூனரல் டைரக்டர்கள் மற்றும் எம்பாமர்கள் (உடலைப் பதப்படுத்துபவர்கள்) வாரியம் அந்தத் துறையின் கீழ் இல்லை. மருத்துவர்களையும் செவிலியர்களையும் மருந்தாளுநர்களையும் கண்காணிக்கும் சுகாதாரத் தொழில்கள் துறையின் கீழ்தான் அது இருக்கிறது. ஆகவே செய்தித் தலைப்புகளில் நீங்கள் பார்த்த அந்தப் பொது ஏற்பு நமக்குக் கிடையாது. எந்த மாநிலத்தைப் பற்றிப் படித்தாலும், சட்டத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், நம் வாரியம் எந்தத் துறையின் கீழ் வருகிறது, அந்தத் துறை அச்சட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திட்டமிட வேண்டும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். வர்ஜீனியா வாரியத்துக்குத் தன் சொந்த விதிகளிலேயே வேறு மாநில உரிமத்தை ஏற்கும் அதிகாரம் இருக்கிறது. உங்கள் உரிமத்துக்குப் பின்னால் உள்ள தகுதிகள் வர்ஜீனியா கேட்கும் தகுதிகளுக்குக் கணிசமாக ஒத்தவையாகவோ அவற்றைவிடக் கடுமையாகவோ இருக்கின்றனவா என்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உங்கள் நிலைமை இதில் நன்றாகவே இருக்கிறது. கல்லூரிப் படிப்பு, தேசியத் தேர்வின் இரு பிரிவுகள், பயிற்சிக் காலம், எம்பாமிங் உட்பட முழுமையான பணி அனுபவம் என்ற நான்கும் உங்களிடம் இருக்கின்றன. சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரு பாதி உரிமத்தோடு வருபவர்களுக்குத்தான். எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் ஃபியூனரல் டைரக்டர் உரிமமும் எம்பாமர் உரிமமும் தனித்தனி; அங்கே மார்ச்சுவரி சயின்ஸ் படிக்காமலேயே ஃபியூனரல் டைரக்டர் ஆகிவிட முடியும். அப்படி வந்தவர், இரண்டு பணிகளையும் ஒரே உரிமத்தில் அடக்கிய மாநிலத்துக்குப் போனால், அவர் எத்தனை திறமையானவராக இருந்தாலும் வாரியத்தால் அந்த முழு உரிமத்தைக் கொடுக்க முடியாமல் போகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில வாரியங்கள் மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடுகின்றன. சில வாரியங்கள் தங்கள் மாநிலத்தின் தகுதிகளோடு விண்ணப்பிப்பவரின் தகுதிகளை ஒப்பிடுகின்றன. பார்ப்பதற்கு இவை ஒன்றுபோலத் தெரியும், ஆனால் முடிவு முற்றிலும் மாறக்கூடும். உங்கள் மாநிலத்தின் குறைந்தபட்சத் தகுதி தாழ்வாக இருந்தும் நீங்கள் அதைவிட அதிகம் படித்திருந்தால், இரண்டாவது முறை உங்களுக்குச் சாதகமானது. அதனால் விண்ணப்பத்தில் மாநில உரிம எண்ணை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் சொந்தப் படிப்பு, பயிற்சி, பணி ஆகியவற்றின் சான்றுகள் எல்லாவற்றையும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சேர்த்து அனுப்புங்கள். பயிற்சிக் காலத்தில் நீங்கள் தாக்கல் செய்த அறிக்கைகளின் நகல்கள் கிடைத்தால் அவற்றையும் இணையுங்கள். பயிற்சியை மறுபடி செய்யச் சொல்வார்களோ என்ற உங்கள் கவலைக்கு மருந்து அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. எத்தனை உடல்களைப் பதப்படுத்த உதவினீர்கள், எத்தனை குடும்பங்களோடு ஏற்பாட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தீர்கள், யார் மேற்பார்வையிட்டார் என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கும்போது, அதே பயிற்சியை இன்னொரு முறை கேட்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது.

தேசியத் தேர்வின் மதிப்பெண்ணை நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. தேர்வை நடத்தும் ஃபியூனரல் சர்வீஸ் தேர்வு வாரியங்களின் சர்வதேச மாநாட்டு அமைப்பிலிருந்து அது நேராகப் புதிய வாரியத்துக்குப் போக வேண்டும். அதுபோல உங்கள் உரிமம் நடப்பில் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற சான்றும் பென்சில்வேனியா வாரியத்திலிருந்து நேராக வர வேண்டும். இவை தனித்தனி அலுவலகங்களிலிருந்து வருவதால், ஒன்று தாமதமானாலும் மொத்த விண்ணப்பமும் நிற்கும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிச் சான்றில் தந்தை பெயர் கடைசிப் பெயராக இருக்கும். தேர்வுப் பதிவில் அது முன்னெழுத்தாக இருக்கும். திருமணத்துக்குப் பின் வாங்கிய உரிமத்தில் கணவர் பெயர் இருக்கும். மூன்று அலுவலகங்களிலிருந்து மூன்று பெயர்களில் தாள்கள் வந்து சேரும்போது, அவை ஒருவருடையவைதான் என்று வாரிய ஊழியருக்குத் தெரியாது. எல்லாத் தாள்களிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்; வேறுபாடு இருந்தால் திருமணச் சான்றிதழையும் பெயர் பற்றிய உறுதிமொழியையும் விண்ணப்பத்தோடு முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வர்ஜீனியாவின் சட்டங்களை அலட்சியமாக எண்ண வேண்டாம். பென்சில்வேனியாவில் இறந்து 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கும் உடலைப் பதப்படுத்தவோ குளிரூட்டவோ மூடி முத்திரையிட்ட பெட்டியில் வைக்கவோ வேண்டும் என்ற கணக்கில் உங்கள் கை பழகியிருக்கும். வர்ஜீனியாவில் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏறத்தாழ 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் குளிரூட்ட வேண்டும், அல்லது பதப்படுத்த வேண்டும். தகனத்துக்கு மருத்துவப் பரிசோதகரின் அனுமதி தேவை என்பதோடு, நெருங்கிய உறவினரோ அவருடைய பிரதிநிதியோ உடலைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது. பெரும்பாலும் தகனத்தையே விரும்பும் நம் குடும்பங்களிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உடலைக் கடைசி நேரத்தில் திறந்து காட்டச் சொல்லும் நிலை வந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது எத்தனை வேதனையாக இருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பதில்: கொலம்பஸிலிருந்து

வணக்கம் அம்மா. முந்தைய பதிலை எழுதியவர் சொன்னவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஓஹாயோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் உடன் பணிபுரிபவர்கள் சொன்னதில் தவறில்லை. ஓஹாயோ இந்தத் தொழிலுக்கு நெடுங்காலமாக இளங்கலைப் பட்டத்தைக் கேட்டு வந்துள்ள மாநிலம். நாட்டில் இவ்வளவு கேட்கும் மாநிலங்கள் மிகச் சில. ஆனால் அது முதன்முறையாக இங்கே உரிமம் வாங்குபவர்களுக்கான வழி. செனட் மசோதா 131 என்று அறியப்பட்ட சட்டத்தில் ஆளுநர் 2023 ஜனவரியில் கையெழுத்திட்டார். அது அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓஹாயோ சட்டத் தொகுப்பில் அது 4796ஆம் அத்தியாயமாக இருக்கிறது. எம்பாமர்கள் மற்றும் ஃபியூனரல் டைரக்டர்கள் வாரியமும் வேறு மாநிலத்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தின்படியே உரிமம் வழங்குகிறது. அதன்படி, நீங்கள் இதையொத்த உரிமத்தை வேறு மாநிலத்தில் குறைந்தது ஓராண்டாக வைத்திருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது ஓராண்டு அந்தத் தொழிலை உண்மையில் செய்திருக்க வேண்டும். உரிமம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். விசாரணையோ உரிமப் பறிப்போ இருக்கக் கூடாது. உங்கள் மாநிலம் உங்களிடம் குறைந்தபட்சக் கல்வியோ பயிற்சியோ தேர்வோ கேட்டிருந்தால் போதும். அது ஓஹாயோவின் இளங்கலைப் பட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்தச் சட்டத்தின் நோக்கமே இதுதான் என்பதால், பட்டம் இல்லை என்ற காரணத்துக்காக நீங்கள் ஓஹாயோவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓஹாயோவில் எம்பாமர் உரிமம் வேறு, ஃபியூனரல் டைரக்டர் உரிமம் வேறு. பென்சில்வேனியாவில் உங்களிடம் உள்ள ஒரே உரிமம் இரண்டு பணிகளுக்கும் அதிகாரம் அளிக்கிறது என்பதால், இங்கே இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு வேலையில் சேர்ந்தால், சிறிய ஃபியூனரல் ஹோம்கள் உங்களை எடுத்துக்கொள்ளத் தயங்கும். அங்கே ஒருவரே இரண்டு வேலையும் செய்தாக வேண்டும். உங்கள் உரிமம் எம்பாமிங்கையும் உள்ளடக்கியது என்பதைப் பென்சில்வேனியா வாரியம் அனுப்பும் சான்றில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ஃபியூனரல் டைரக்டர் என்று மட்டும் எழுதி வந்தால், இங்கே இருப்பவர்கள் அதைத் தங்கள் மாநிலத்தின் பொருளில் புரிந்துகொள்ளக்கூடும்.

மாநிலச் சட்டத் தேர்வு உண்டு. வேறு மாநிலத்தில் எழுதியது இங்கே செல்லாது. செல்லவும் கூடாது என்றே நான் நினைக்கிறேன். மருந்தின் அளவும் தமனியின் இடமும் மாநில எல்லையில் மாறுவதில்லை. ஆனால் யாருடைய கையெழுத்து இருந்தால் உடலைத் தகனம் செய்யலாம், உறவினர்களுக்குள் கருத்து வேறுபட்டால் யாருடைய சொல் செல்லும், முன்கூட்டியே கட்டிய பணத்தை எந்தக் கணக்கில் வைக்க வேண்டும் என்பவை மாறுகின்றன. ஓஹாயோவில் இறந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே தகனம் செய்யலாம். தொற்றுநோய் போன்ற சூழ்நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. மாறாத பகுதியும் இருக்கிறது. கூட்டாட்சி வணிக ஆணையம் 1984இல் நடைமுறைப்படுத்திய ஃபியூனரல் விதி எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுதான். விலைப்பட்டியலை நேரில் கேட்டு வருபவரின் கையில் கொடுப்பது, தொலைபேசியில் கேட்டால் விலை சொல்வது, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் எம்பாமிங் கட்டாயம் என்று சொல்லாதிருப்பது ஆகியவற்றை நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் சிலர், எல்லை மாநிலங்களுக்கு ஓஹாயோ வழங்கும் மரியாதை அட்டையை உரிமத்துக்கு மாற்றாக எண்ணிக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா, இண்டியானா, கென்டக்கி, மிச்சிகன், மேற்கு வர்ஜீனியா போன்ற அண்டை மாநில டைரக்டர்கள், தங்கள் மாநிலத்தில் ஒப்புக்கொண்ட சேவைக்காக எல்லை தாண்டி வந்து, ஓஹாயோவில் உடலை ஏற்றிச் செல்வதற்கும் இறப்புப் படிவங்களை நிரப்பித் தாக்கல் செய்வதற்கும் அடக்கத்தை நடத்துவதற்கும் மட்டுமே அந்த அட்டை. அதை வைத்துக்கொண்டு ஓஹாயோ ஃபியூனரல் ஹோமில் வேலைக்குச் சேர முடியாது. இங்குள்ள பொதுமக்களிடம் ஏற்பாடு பேச முடியாது. விளம்பரமும் செய்ய முடியாது.

பென்சில்வேனியா வாசகி மீண்டும்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இளங்கலைப் பட்டம் பற்றிய செய்தி எங்களுக்குப் பெரிய ஆறுதல். இரண்டு சந்தேகங்கள் இன்னும் இருக்கின்றன. நாங்கள் வீடு மாறுவதற்கும் புதிய உரிமம் கைக்கு வருவதற்கும் இடையில் சில மாதங்கள் இடைவெளி வரலாம்; அந்தக் காலத்தில் நான் ஒரு ஃபியூனரல் ஹோமில் எந்த வேலையைச் செய்யலாம்? பென்சில்வேனியா உரிமத்தை அதன் பிறகு கைவிட்டுவிடலாமா, அல்லது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற டைரக்டர்

வணக்கம் மகளே. இந்தத் தொழிலில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இடைவெளிக் காலத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் பொறுப்பான கேள்வி. உரிமம் இல்லாத நேரத்தில் எம்பாமிங் செய்வதும், குடும்பத்தோடு ஏற்பாட்டுக் கூட்டம் நடத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், டைரக்டர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வதும் எந்த மாநிலத்திலும் உங்களுக்கு ஆபத்தானவை. அலுவலக வேலை, அஞ்சலி நிகழ்ச்சியில் வருபவர்களைக் கவனித்தல், உரிமம் பெற்றவரின் பொறுப்பில் உடலைக் கொண்டுவர உதவுதல் போன்றவற்றுக்குப் பொதுவாக இடம் உண்டு. ஆனால் எல்லை எங்கே என்பதை ஒவ்வொரு வாரியமும் ஒவ்வொரு விதமாக வரைந்திருக்கிறது. வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளி, ஆள் பற்றாக்குறையில், பரவாயில்லை, நீங்கள் அனுபவசாலிதானே என்று சொல்லக்கூடும். அந்த வார்த்தையை நம்பி ஒரு நாள் வேலை செய்தாலும், உரிமமின்றித் தொழில் செய்ததாக ஒரு புகார் வந்தால், அந்தப் புகார் உங்களுடைய இரண்டு மாநில விண்ணப்பங்களையும் பாதிக்கும்.

பென்சில்வேனியா உரிமத்தைப் புதிய உரிமம் கைக்கு வரும்வரை எக்காரணத்தைக் கொண்டும் காலாவதியாக விடாதீர்கள். ஏற்பு என்பது நடப்பில் உள்ள உரிமத்துக்கே. புதுப்பிக்க வேண்டிய தேதியையும் தொடர்கல்வி நேரத்தையும் இப்போதே பார்த்து முடித்துவிடுங்கள். புதிய உரிமம் வந்த பிறகும் சில ஆண்டுகள் பழையதை வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து; இன்னொரு இடமாற்றம் வந்தால் அது உதவும்.

மேலே எழுதியவர்கள் பொது ஏற்புச் சட்டங்களை வரவேற்றிருக்கிறார்கள். 2019இல் அரிசோனா தொடங்கி வைத்த இந்த வழியை நானும் வரவேற்கிறேன். ஆனாலும் எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறொரு மாநிலத்தின் உரிமத்தை ஏற்பது என்றால், அந்த மாநிலம் அவரைச் சோதித்துத்தான் உரிமம் கொடுத்தது என்று நம்புவது. கொலராடோவைப் பாருங்கள். 1983இல் ஃபியூனரல் டைரக்டர் உரிமத்தை விட்டுவிட்ட அந்த மாநிலம், நாட்டிலேயே தனிநபர்களுக்கு உரிமம் கேட்காத ஒரே மாநிலமாக நீண்ட காலம் இருந்தது. 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில், ஒரு கட்டடத்தில் முறையாக அடக்கமோ தகனமோ செய்யப்படாத சுமார் 190 உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சில குடும்பங்கள் தங்கள் தாயின் அஸ்தி என்று நம்பி வீட்டில் வைத்திருந்தது அஸ்தியே அல்ல என்பதையும் அப்போதுதான் அறிந்தன. அதன் பிறகே 2024இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டு, 2027 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயமாகிறது. வாரியங்கள் கேட்கும் சான்றுகள் சில நேரம் நமக்குச் சலிப்பைத் தரும். ஆனாலும் அந்தக் குடும்பங்களை நினைக்கும்போது, சான்றைக் கேட்பதே தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே நேரத்தில், கொலராடோவில் நேர்மையாகவும் திறமையாகவும் தொழில் செய்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் வேறு மாநிலத்துக்குப் போக நினைத்தால், காட்டுவதற்கு உரிமமே இல்லை என்ற நிலை. ஓஹாயோவின் சட்டம் உரிமம் கேட்காத மாநிலத்திலிருந்து வருபவரின் பணி அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை நான் மிகவும் பாராட்டுகிறேன். நான் உறுதியாக எதிர்ப்பது ஒன்றைத்தான்: பல ஆண்டுகள் தனியாகப் பொறுப்பேற்று நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சேவை செய்தவரை, புதிதாகக் கல்லூரி முடித்த மாணவரைப் போல, பயிற்சியாளர் சம்பளத்தில் ஓராண்டு மறுபடி உட்கார வைப்பது. அதனால் மக்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை. அனுபவமுள்ளவர்கள் தொழிலை விட்டுப் போவதே நடக்கிறது. சட்டத் தேர்வை எத்தனை கடினமாக வேண்டுமானாலும் வையுங்கள், கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணியைப் பாருங்கள், பழைய வாரியத்திடம் கேளுங்கள்; பயிற்சியைத் திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள் என்று நான் என் மாநில வாரியக் கூட்டங்களில் பொதுமக்களுக்கான நேரத்தில் பேசியிருக்கிறேன். உங்களைப் போன்றவர்களும் பேச வேண்டும். அந்தக் கூட்டங்கள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை. ஆனால் யாரும் வருவதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. கணவரோ மனைவியோ ராணுவத்தில் இருந்து, ராணுவ ஆணையின்படி மாநிலம் மாறுகிறார்கள் என்றால், 2023 ஜனவரி 5 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் தனியாக ஒரு பாதுகாப்பைத் தருகிறது. தொழில் உரிமங்களுக்கு அது பொருந்தும். நீங்கள் சொன்ன நிலைமைக்கு அது பொருந்தாது, ஆனால் வேறு யாருக்காவது மிகவும் தேவைப்படலாம்.

பதில்: வடக்கு வர்ஜீனியாவிலிருந்து

பெரியவர் கொலராடோ பற்றி எழுதியதை ஏற்கிறேன். ஆனால் அவருடைய தயக்கத்தில் ஒரு பகுதியோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பென்ரோஸில் நடந்ததற்கு உரிமம் இல்லாதது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டடத்துக்குள் வந்து பார்க்கும் ஆய்வு பலவீனமாக இருந்ததும் ஒரு காரணம். தனிநபர் உரிமம் உள்ள மாநிலங்களிலும் ஆய்வாளர் வராவிட்டால் அதே ஆபத்து இருக்கிறது. ஆகவே புதிதாக வருபவரின் தாள்களைத் துருவிப் பார்ப்பதில் வாரியங்கள் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை, ஏற்கெனவே உள்ள நிறுவனங்களின் குளிர் அறைகளைப் பார்ப்பதில் செலவிட்டால் மக்களுக்கு அதிக நன்மை.

சகோதரி, உங்கள் முடிவுக்கு உதவுமென்றால் இதையும் சொல்கிறேன். உங்களுக்கு உரிமம் உறுதி என்ற அளவில் ஓஹாயோவின் வழி தெளிவானது, ஏனென்றால் அங்கே நிபந்தனைகளை நிறைவேற்றினால் வாரியம் உரிமம் கொடுத்தாக வேண்டும். இங்கே வாரியத்தின் மதிப்பீடு இருக்கிறது. மறுபக்கம், வடக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் நம் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். தமிழ் பேசும் டைரக்டர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்கள் தேடி வருவார்கள். ஆனால் மேரிலாந்துக்கு மறுபடியும் தனி விண்ணப்பம் தேவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எந்த மாநிலமாக இருந்தாலும், வீடு தேடுவதற்கு முன்பே தேர்வு மதிப்பெண், உரிமச் சான்று, கல்லூரிச் சான்று ஆகியவற்றுக்கான கோரிக்கைகளை அனுப்பிவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன், வாரிய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, பென்சில்வேனியாவிலிருந்து வரும் ஒருவருக்கு இப்போது எந்தப் படிவம் என்று கேளுங்கள். பழைய படிவங்கள் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வர்ஜீனியாவைத் தேர்ந்தெடுத்தால் இங்கேயே எழுதுங்கள், சட்டத் தேர்வுக்கு நான் எடுத்து வைத்திருக்கும் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.